அசல் டேப்பா, புதுப் பதிவா?
பழைய ஹாலிவுட் படங்களின் பின்னணி இசை மறுபடி வெளிவராதா என்று ஏங்குகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. அசல் டேப்பைச் சுத்தம் செய்து வெளியிட்டால், அன்று வாசித்த அதே கைகள், படத்தில் கேட்ட அதே வேகம், கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் எனக்கு அதுதான் உயிர். சரி, டேப்பே கெட்டுப்போயிருந்தால்? புது இசைக்குழுவை வைத்து மறுபதிவுதான். 1970-களில் இசை நடத்துநர் சார்லஸ் கெர்ஹார்ட் லண்டனில் கோர்ன்கோல்ட், ஸ்டைனர் என்ற பழைய ஹாலிவுட் இசையமைப்பாளர்களின் இசையை அப்படித்தான் பதிவு செய்தார், அந்த ஸ்டீரியோவில் ட்ரம்பெட்டும் ஹார்னும் எழும்பும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதற்கு இசைக்குறிப்பு வேண்டுமே! எம்.ஜி.எம். ஸ்டுடியோ தன் படங்களின் இசைக்குறிப்புகளைக் குப்பையில் கொட்டிவிட்டதால், சிலவற்றைப் படத்தைக் காதால் கேட்டுக் கேட்டே திரும்ப எழுத வேண்டியிருந்தது. டேப் இருக்கிறதென்றால் தயவுசெய்து அசலையே கொடுங்கள்.