பிளாக் ஸ்வான் கிரீன்: படிவம் இரண்டுக்குப் பிறகு கொடுங்கள்

டேவிட் மிட்செல் 2006இல் வெளியிட்ட இந்த ஆங்கில நாவலை மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிவம் இரண்டு (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) முடிந்ததும் தாராளமாகக் கொடுக்கலாம். 13 அத்தியாயங்கள், 1982 ஜனவரி முதல் 1983 ஜனவரிவரை மாதத்துக்கு ஒன்று. கதைநாயகன், இங்கிலாந்தின் ஊஸ்டர்ஷையர் கிராமத்து ஜேசனுக்கு வயது 13, திக்குவாய். ‘ந’ ஒலியில் தொடங்கும் சொல் வருமுன்பே மனசுக்குள் வேறு சொல்லைத் தேடி மாற்றிவிடுகிறான். வகுப்பில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் அந்த வழியும் அடைபடுகிறது. அந்தத் தவிப்பை இவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பது அபூர்வம். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறி, மலாயில் பேசத் தயங்கி ஒடுங்கும் பிள்ளைக்கு இந்தப் பக்கங்கள் உடனே ஒட்டும்.

இடறுவது பையன்களின் கொச்சை ஆங்கிலத்தில்தான். முதல் அத்தியாயத்தை அகராதி இல்லாமலே கடக்கட்டும். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 பால்க்லாந்து போரைப் பற்றி இரண்டு வரி முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுப்பகுதி புரியாது. கெட்ட வார்த்தைகள் உண்டு, பெற்றோர் முதலில் புரட்டிப் பார்க்கவும்.