பினாங்கில் கப்பல் நிற்கும் நாள்: கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் ஃபூக்கெட் என்று ஒரு சுற்று போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல்களில் இப்போது திருச்சி, மதுரைப் பக்கத்துக் குடும்பங்களை நிறையவே பார்க்க முடிகிறது. கப்பலின் அறை, சாப்பாடு, நீச்சல் குளம் பற்றியெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். கரையில் இறங்கும் நாளைப் பற்றித்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. நாங்கள் போனது நான்கு பேர்: நான், கணவர், பத்து வயது மகன், எழுபதைத் தாண்டிய என் அத்தை. அத்தைக்கு மூட்டு வலி, அசைவம் தொடமாட்டார். இப்படி ஒரு குடும்பத்துக்கு இந்தப் பாதையிலேயே பினாங்குதான் சிறந்த துறை. ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: முதல் நாள் இரவே அரை மணி நேரம் உட்கார்ந்து தயாராகிவிட வேண்டும்.

பினாங்கின் பெருமை அதன் துறை இருக்கும் இடம். போர்ட் கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபூக்கெட்டின் பத்தோங் கடற்கரையில் கப்பல் நடுக்கடலில் நிற்கும், சிறு படகில் கரைக்கு வரவேண்டும். பினாங்கிலோ ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராக ஒட்டி நிற்கிறது. வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். விக்டோரியா ராணி பட்டமேறிய 60ஆம் ஆண்டு நினைவாக 60 அடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டு கண்ணெதிரே நிற்கும். அதன் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் முழுக்க அங்கிருந்து நடை தூரம்தான்.

முதலில் காகித வேலை. சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர்களுக்குப் பல முறை நுழையும் சிங்கப்பூர் விசா கட்டாயம். ஒருமுறை விசாவோடு கப்பலேற வந்தால் துறையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா தேவையில்லை. ஆனாலும் அந்தச் சலுகை தொடர்கிறதா என்று பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். எம்.டி.ஏ.சி. என்கிற மின்னணு வருகை அட்டையை, மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். கூகுளில் தேடினால் கட்டணம் கேட்கும் தளங்களும் வருகின்றன; அங்கே அட்டை நம்பரைக் கொடுக்காதீர்கள்.

கப்பலில் ஒவ்வொரு இரவும் மறுநாள் நிகழ்ச்சி நிரல் வரும், தாளிலோ செயலியிலோ. அதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு இறங்கலாம், எல்லோரும் எத்தனை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும், துறைமுக முகவரின் (கரையில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைக் கவனிப்பவர்) தொலைபேசி எண். கடைசி நேரம் என்பது கப்பல் புறப்படும் நேரம் அல்ல, அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். இந்தப் பக்கத்தை நாங்கள் எல்லா போனிலும் படம் எடுத்துக்கொண்டோம். போனில் சார்ஜ் போனால் என்ன செய்வது என்று கணவர் அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அத்தையின் கைப்பையிலும் வைத்தார்.

நேரம் பற்றி இன்னும் ஒன்று. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம், பிரச்சினை இல்லை. ஃபூக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். போன் அங்கே தானாக மாறிக்கொள்ளும், கப்பலின் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். அதனால் கையில் ஒரு சாதாரண வாட்ச் வேண்டும். அத்தை கட்டியிருந்த பழைய எச்.எம்.டி.யைக் கப்பல் நேரத்துக்கு வைத்தோம். பயணம் முடியும்வரை எங்கள் எல்லோருக்கும் அதுதான் கணக்கு.

பையில் என்ன வைப்பது? கப்பல் அட்டை முதலில், அது இல்லாமல் திரும்ப ஏற முடியாது. பாஸ்போர்ட்டைச் சில கப்பல்கள் வாங்கி வைத்துக்கொள்கின்றன, அப்படியானால் நகல் போதும். குடை கட்டாயம், பினாங்கு வெயிலும் மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாத்திரைகளை அறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு வேளைக்கானதாவது பையில் இருக்கட்டும். செருப்பு கழற்றிப் போட எளிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கோயில், பள்ளிவாசல் என்று மாறி மாறிக் கழற்றுவீர்கள். கப்பல் பஃபேயில் எடுத்த ஆப்பிள், வாழைப்பழம், சமைத்த பண்டம் எதையும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பாட்டில் போதும். மலேசியப் பணமான ரிங்கிட்டை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மாற்றிக்கொண்டோம். கொஞ்சம் ஒற்றை ரிங்கிட், ஐந்து ரிங்கிட் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே டவுன் பஸ்ஸில் பாக்கி தரமாட்டார்கள்.

கப்பலில் விற்கிற கரைச் சுற்றுலாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதமானால் காத்திருக்காது. பத்தோங்கில் நாங்களும் அதைத்தான் எடுத்தோம். ஆனால் பாதி வழியில் ஒரு நகைக்கடையில் முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டார்கள். பார்க்க வந்த இடத்துக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பினாங்கில் இதற்குத் தேவையே இல்லை. பழைய நகரத்துக்குள் கேட் என்ற இலவசப் பஸ் ஓடுகிறது; ஊபர் போலச் செயலியில் அழைக்கும் கிராப் காரும் சுலபமாகக் கிடைக்கிறது. துறை வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நடக்கத் தெம்பிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள்.

கோயிலுக்குத்தான் முதலில் போக வேண்டும். குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள், அதற்குள் நீங்கள் கப்பலுக்குக் கிளம்பியிருப்பீர்கள். நாங்கள் போனபோது உள்ளே கூட்டமில்லை. ஈரம் காயாத தரை, கற்பூரமும் மல்லிகையும் கலந்த வாசனை, ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டிருந்த ஒரு பெண். "எந்த ஊரும்மா?" என்று அவர் கேட்க, "திருச்சி" என்று அத்தை சொல்ல, பேச்சு காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதில் தொடங்கி நீண்டுவிட்டது. அத்தையின் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இந்த ஊருக்குத்தான் பிழைக்க வந்தாராம். எந்தத் தெருவில் இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. பஸ் சுற்றுலாவில் வந்திருந்தால் இந்தப் பேச்சுக்கெல்லாம் ஏது நேரம்?

அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகரின் முயற்சியில் உருவானது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில், கொஞ்சம் தள்ளி 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இத்தனையும் ஒரே தெருவையொட்டி அடுத்தடுத்து இருப்பதை மகனுக்குக் காட்டியதில் எனக்கு நிறைவு.

மதியச் சாப்பாடு இரண்டு அணியாகப் பிரிந்தது. நானும் அத்தையும் லிட்டில் இந்தியாவில் சைவக் கடையில் வாழை இலைச் சாப்பாடு. கணவரும் மகனும் நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோலக் கம்பு வைத்து, இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்ற சாப்பாடு அது. "கலந்து ஊத்துங்க பாய்" என்றால் போதும், நாலைந்து குழம்பைச் சோற்றின் மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். அந்தக் கலவையில்தான் ருசி. மீன் தலை, மீன் முட்டை, பெரிய இறால் இவற்றை மட்டும் விலை கேட்டுவிட்டு எடுங்கள், பில் சட்டென்று ஏறிவிடும்.

பினாங்கு மலைக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1923இலிருந்து ஓடும் மலை ரயில், மேலே குளிர்ந்த காற்று, நல்ல இடம்தான். 204ஆம் எண் பஸ்ஸோ கிராப்போ பிடித்து ஆயர் ஈத்தாம் போக வேண்டும். ஆனால் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் வரிசை நீளும். காலையிலேயே இறங்கி மாலைவரை நேரம் இருந்தால், அதுவும் வார நாளாக இருந்தால் போங்கள். ஆயர் ஈத்தாமிலேயே இருக்கும் கெக் லோக் சி புத்தர் கோயிலையும் அதே நாளில் சேர்க்க நினைக்காதீர்கள். அங்கே படிகள் அதிகம், பெரியவர்கள் சோர்ந்துவிடுவார்கள். நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, கரையோரத்தில் மரத்தூண்களின் மேல் நிற்கும் சூ ஜெட்டி வீடுகளைப் பார்த்தோம். அங்கிருந்து துறை பக்கம் என்பதால் திரும்பும் பதற்றம் இல்லை.

கடைசி நேரத்துக்கு ஒரு மணி முன்பே துறை வாசலுக்கு வந்துவிடுங்கள். பைகளை ஸ்கேன் செய்யும் வரிசை கடைசியில்தான் நீளும். ஜாதிக்காய் மிட்டாய், தாவ் சார் பியா பிஸ்கட் போன்று பொட்டலம் கட்டியவற்றைத் தடுப்பதில்லை. டுரியானைக் கப்பலில் அனுமதிக்கமாட்டார்கள்; கரையிலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

சக்கர நாற்காலியில் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய நகரத்தில் கடைகளின் முன்னால் இருக்கிற நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒரு உயரம், பல இடங்களில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள். நாற்காலியைத் தெருவில் இறக்கித்தான் தள்ள வேண்டியிருக்கும். அப்படியானால் இடத்துக்கு இடம் கிராப் எடுங்கள், கோயில் வாசல்வரை கார் போகிறது.