கூட வர ஆளில்லாமல் கொழும்பில்

புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவர் பலருக்குக் கொழும்பு என்றால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் பெட்டிகளை வைத்து, இரவுப் பேருந்தில் ஊருக்குப் புறப்படும்வரை தங்கும் இடம். அதற்கிடையில் வெளியே போக நேர்ந்தால் சிங்களம் தெரிந்த மாமாவோ மச்சானோ கூட வருவார். முச்சக்கர வண்டிக்காரரிடம் விலை பேசுவதும் வழி சொல்வதும் அவர் பொறுப்பு. இம்முறை ரொறன்ரோவிலிருந்து நான் தனியாக வந்திருந்தேன். இரட்டைக் குடியுரிமை தொடர்பான அலுவல்களும் வேறு சில ஆவண வேலைகளும் இருந்தன. கூட்டிச் செல்ல மாமாவுக்கு இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை. எனவே கைத்தொலைபேசிச் செயலிகளை மட்டும் நம்பிக் கொழும்பில் சுற்றினேன். அதே நிலையில் வருபவர்களுக்கு உதவும் என்பதால் கண்டவற்றை எழுதுகிறேன்.

முதல் வேலை சிம் அட்டை. வெளிநாட்டிலேயே இ-சிம் வாங்கிக்கொண்டு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவற்றில் பல இணையத்தை மட்டும் தருபவை. உள்ளூர் இலக்கம் அவற்றில் கிடையாது. கொழும்பில் வாகனச் சாரதி உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல் வருவது அபூர்வம் என்பதால், அழைப்பு ரொறன்ரோ இலக்கத்தைத் தேடிப் போகும் நிலை பெரும் தலையிடி. விமான நிலைய வருகை மண்டபத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கி, அந்த இலக்கத்தைச் செயலிகளில் பதிந்துகொள்வது நல்லது. வீட்டு வைஃபை இருக்கும்போதே கொழும்பு முழுவதன் கூகுள் வரைபடத்தையும் தரவிறக்கி வைத்தேன்.

வாகனம் அழைக்க அங்கே பெரும்பாலோர் பயன்படுத்துபவை இரண்டு: 2015 இல் தொடங்கிய உள்ளூர் நிறுவனமான பிக்மி, அதே ஆண்டின் இறுதியில் கொழும்புக்கு வந்த ஊபர். இரண்டிலும் முச்சக்கர வண்டி, சிறிய கார், பெரிய கார் என்று தெரிவு உண்டு. போகும் இடத்தைக் குறித்தவுடன் கட்டணம் திரையில் வந்துவிடுகிறது. கனடாவில் இது மிகச் சாதாரணமான வசதி. கொழும்பில் எனக்கு அது வேறாகப் பட்டது. வாயைத் திறந்தவுடன் எங்கள் பேச்சே நாங்கள் வெளிநாட்டுக்காரர் என்பதைக் காட்டிக் கொடுத்துவிட, அதற்கேற்ப விலை ஏறுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வந்தவள் நான். யாரிடமும் எந்த மொழியிலும் எங்கே போகிறேன் என்று விளக்காமலே ஏறி உட்காரலாம் என்பது, சோதனைச் சாவடிகளின் காலத்தில் இந்த நகரைக் கடந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நம்ப முடியாத சங்கதி.

சிக்கல் எல்லாம் வண்டி வந்து சேரும் கடைசி நூறு மீற்றரில்தான். வெள்ளவத்தையில் ஒழுங்கைகள், காலி நகர்ப் பக்கம் போகும் பிரதான வீதியான காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் மரைன் டிரைவ் வரை நீள்கின்றன. எண்ணால் அழைக்கப்படும் ஒழுங்கைகளும் பல. வீட்டிலக்கங்களிலோ சாய்கோட்டுக்குப் பின் இன்னொரு எண், அதற்குப் பின் ஓர் எழுத்து. வரைபடத்தில் நாம் ஊன்றும் குறி அடுத்த ஒழுங்கையில் போய் விழுந்துவிட்டால் சாரதி அங்கேதான் நிற்பார். பிறகு தொலைபேசி ஒலிக்கும்.

பெரியம்மாவின் தொடர்மாடி வாசலில் ஒரு காலையில் அப்படித்தான் நடந்தது. சாரதி சிங்களத்தில் வேகமாகப் பேசினார்; “கொஹேத இன்னே” (எங்கே நிற்கிறீர்கள்) என்பதைத் தவிர எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் நான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே கையை நீட்டி, “போனை இங்க தாங்க தங்கச்சி” என்றார். எதிரே உள்ள மருந்துக்கடையின் பெயரைச் சொல்லி, “ஹரி, ஹரி” (சரி, சரி) என்று முடித்து, திருப்பித் தந்துவிட்டு மீண்டும் பத்திரிகைக்குள் போனார். இரண்டு நிமிடத்தில் வண்டி வந்தது. அதற்குப் பிறகு நான் வீட்டு முகவரியைப் பயன்படுத்தவே இல்லை. ஒழுங்கை காலி வீதியைத் தொடும் முனையில், எல்லோருக்கும் தெரிந்த கடையொன்றின் வாசலைப் புறப்படும் இடமாகக் குறித்தேன். வண்டி உறுதியானவுடன் அந்தக் கடையின் பெயரைச் செயலிக்குள்ளேயே செய்தியாக அனுப்பினேன். அழைப்புகள் பெரிதும் குறைந்தன. தமிழ் பேசும் சாரதிகளும் நிறையப் பேர் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் இன்னொரு கவனம் தேவை. அங்கே காலி வீதியும் அதற்கு இணையாக ஓடும் ஆர்.ஏ. டி மெல் மாவத்தையும் ஒருவழிப் பாதைகள். நீங்கள் நிற்கும் வீதி போக வேண்டிய திசைக்கு மாறானதாக இருந்தால் வண்டி பெரிய சுற்றுச் சுற்றி வரும். ஒரு குறுக்கு வீதி நடந்து அடுத்த பக்கம் போனால் நேரமும் காசும் மிஞ்சும். பழையவர்கள் டி மெல் மாவத்தையை இன்றும் டூப்ளிகேசன் றோட் என்றே சொல்கிறார்கள், ஆகவே இரண்டு பெயரையும் தெரிந்து வைத்திருங்கள்.

பணம் கொடுப்பதில் என் அறிவுரை சுருக்கமானது: தாளாகக் கொடுங்கள். அட்டை என்று குறித்திருந்தால் சில சாரதிகள் அழைத்துக் கேட்டுவிட்டு வராமலே விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றாடம் எரிபொருள் அடிக்கக் கையில் காசு வேண்டும். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றுக் காசு கிடைக்காது, நூறும் ஐந்நூறுமாக வைத்திருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு அதிவேகப் பாதையால் போகும்போது, அதன் கட்டணம் திரையில் காட்டிய தொகைக்குள் அடங்குகிறதா என்று ஏறுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் ஆட்பதிவுத் திணைக்களமும் இருப்பது பத்தரமுல்லையில் சுஹுருபாய என்னும் அரச அலுவலகக் கட்டடத்தில். வெள்ளவத்தையிலிருந்து தூரம் அதிகமில்லை. ஆனால் காலை நெரிசலில் செயலி சொல்லும் நேரத்தை அப்படியே நம்பினால் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டியிருக்கும். திரும்பும்போது பாடசாலை விடும் ஒன்றரை மணியைத் தவிர்ப்பது புத்தி. வீதியெங்கும் பாடசாலை வான்கள் நிறைய, கட்டணமும் சட்டென ஏறிவிடும். மழையும் சேர்ந்துகொண்டால் வண்டியே கிடைப்பதில்லை. அப்படியொரு மதியம் நான் திணைக்களத்துக்கு அருகில் தேநீர் குடித்தபடி, விலை இறங்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கடைத்தெருக்கள் நெருங்கிய புறக்கோட்டைக்கு எந்தச் செயலியும் போதாது. குறுக்குத் தெருக்களுக்குள் பாரவண்டி இழுக்கும் நாட்டாமிகளும் லொறிகளும் நடைபாதை வியாபாரிகளும் நிறைந்திருக்க, வரைபடம் அதையெல்லாம் வெறும் வீதியாகக் காட்டும். கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கி நடப்பதே மேல். இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சிவப்புப் பள்ளிவாசலை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது. 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடம் எவர் கண்ணுக்கும் தப்பாது. அங்கிருந்து செட்டியார் தெரு நகைக்கடைகளுக்குக் கேட்டுக் கேட்டே போய்விடலாம், அந்தப் பக்கம் தமிழில் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

கோட்டைக்குப் போகப் புகையிரதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளவத்தையிலிருந்து கடலை ஒட்டியே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று போய், பிறகு கொம்பனித்தெருப் பக்கம் திரும்பும். கட்டணம் மிகக் குறைவு. அலுவலக நேரத்தில் மட்டும் ஏற முயலாதீர்கள். நேர அட்டவணை புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உண்டு, தாமதத்தை மேடையில் நிற்பவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். காலி வீதியில் பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100 இலக்கப் பேருந்திலும், மொறட்டுவையிலிருந்து வரும் 101 இலும் ஏறிப் பார்த்தேன். தரிப்பிடப் பெயரை யாரும் அறிவிப்பதில்லை. நடத்துனர் கத்துவது பழகாத காதுக்கு விளங்காது. வரைபடத்தில் நகரும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்து, இறங்குமிடம் நெருங்கும்போது எழுந்து வாசலுக்குப் போவதே வழி.

இரவுப் பயணத்துக்கு வண்டி இலக்கத்தின் கடைசி நான்கு எண்களைச் சரிபார்த்த பிறகே ஏறுவேன். பயண விபரத்தை இன்னொருவருக்கு அனுப்பும் வசதியும் உண்டு, அதை ஒவ்வொரு முறையும் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அவர் அந்த இணைப்பை ஒருநாளும் திறந்ததில்லை. நேரே என்னை அழைத்து, “சாரதித் தம்பியிட்டக் குடு பிள்ளை” என்று வாங்கி, எந்த ஒழுங்கையால் திரும்ப வேண்டும் என்று அவருக்குச் சிங்களத்தில் சொல்லி முடித்துவிடுவார்.