தமிழ்99: எழுதுவது இன்பம், திருத்துவது தொல்லை

மடிக்கணினி பழுதுபார்க்கப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. வன்தட்டை மாற்றி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். பல ஆண்டுகளாகப் பழகிய தமிழ் எழுது மென்பொருள் அதோடு போய்விட்டது. வேறொன்றைத் தரவிறக்கிப் போட்டுக்கொண்டேன். விசைப்பலகை அமைப்பு என்னவோ அதே தமிழ்99தான். ஆனாலும் அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், ஆங்கில எழுத்தில் அடித்தாலே தமிழ் வந்துவிடுகிறதே, தமிழ்99 கற்பதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறார். அவர் சிறுகதை எழுதுகிறவர். நான் மெய்ப்புத் திருத்துகிறவன்.

முதலில் நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவாகி, தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். நடுவரிசையில் அ, இ, உ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. இவற்றில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே விரல். இதை விரல் பழகிவிட்டால் விசைப்பலகையைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

இவையெல்லாம் வசதிகள். என்னை மகிழ்விப்பது தானாக விழும் புள்ளி. க விசையை இருமுறை தட்டினால் ‘க்க’ வந்துவிடும். மெல்லினத்தைத் தட்டி அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. ‘பட்டாம்பூச்சி’ என்று எழுதப் பத்துத் தட்டல்கள் போதும். அவற்றில் ஒன்றுகூடப் புள்ளிக்கானது இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இனவெழுத்துப் பாடம் இங்கே விரல் நுனியில் வேலை செய்கிறது. மெல்லினத்தை அடுத்து அதன் வல்லினம் வந்தால் நடுவில் பெரும்பாலும் புள்ளி இருக்கும் என்று தமிழைத் தெரிந்தவர்கள் துணிந்து வைத்த விதி இது. அந்தத் துணிவு இத்தனை ஆண்டுகளில் என்னை அரிதாகவே ஏமாற்றியிருக்கிறது. ‘நதி’, ‘மதத்தை’, ‘பப்பாளி’ போன்ற சொற்களில் மட்டும் நடுவே ஓர் அ தட்டவேண்டும். அது ஒரு குறையே அல்ல.

ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ர-வையும் ற-வையும், ல-வையும் ள-வையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரித்துக்கொள்கிறார்கள். அல்லது மென்பொருள் ஊகித்துக் காட்டும் பட்டியலில் ஒன்றைப் பொறுக்குகிறார்கள். அப்படி வரும் கட்டுரைகளில் எந்தெந்த எழுத்து மாறிக் கிடக்கும் என்பதை என் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தமிழ்99இல் ற வேண்டுமென்றால் ற-வைத்தான் தட்டவேண்டும். எழுத்தைப் பற்றிய நினைப்பு எழுதுகிறவரிடமே இருக்கிறது.

இனி என் கோபம். ‘படம்’ என்று இருப்பதைப் ‘பாடம்’ என்று திருத்தவேண்டும். ப-வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆ விசையைத் தட்டுகிறேன். ‘பஆடம்’ என்று வருகிறது. ‘வந்த’ என்பதை ‘வந்து’ ஆக்கப் போனால் ‘வந்தஉ’. ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கும் மெய்யெழுத்தை அழித்து, மறுபடி அடித்து, அதன்மேல் உயிரை ஏற்றவேண்டியிருக்கிறது. ஒரு துணைக்காலுக்கு மூன்று தட்டல்கள். நாள் முழுவதும் துணைக்கால்களையும் கொம்புகளையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு.

காரணம் எளிது. யூனிகோடில் ஆ என்ற உயிருக்கு ஒரு குறியெண், துணைக்காலுக்கு வேறொரு குறியெண். விசை மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. எதைப் போடுவது என்று முன்னால் நிற்கும் எழுத்தை வைத்து மென்பொருள்தான் முடிவு செய்யவேண்டும். திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்து முடிவு செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. என் பழையது அப்படித்தான். புதியதோ நான் கடைசியாகத் தட்டிய விசையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. கர்சரை நகர்த்தியதும் அந்த நினைவும் போய்விடுகிறது. கண்முன்னே ப நிற்கிறது, அதற்குத் தெரியவில்லை.

இலவசமாகக் கொடுத்ததைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். தமிழில் எழுதுவதற்கான கருவிகளில் பலவற்றைத் தங்கள் சொந்த நேரத்தைச் செலவிட்டு ஆக்கித் தந்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இன்று விண்டோஸிலும் ஆப்பிள் கைப்பேசிகளிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. அந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் எந்த விசையில் எந்த எழுத்து என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டிருக்க, எழுதியதைத் திருத்தப் போனால் என்ன நடக்கவேண்டும் என்பதில் ஆளுக்கொரு வழியாக இருப்பது சரியில்லை. எழுதுகிறவர் ஒருமுறை எழுதுகிறார்; பலமுறை திருத்துகிறார். இதைக் கவனிக்காமல் ஒரு மென்பொருளை முடிந்தது என்று வெளியிடக்கூடாது.

நண்பர் ஒரு பத்தியை எழுதிவிட்டு அதை எட்டுத் திசையிலிருந்தும் மாற்றுகிறவர். இத்தனை புகழ்ந்த பிறகும், அவருக்கு இப்போதைக்குக் கற்கவேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன். புதிதாகக் கற்கிறவர் ‘பஆடம்’ வருவதை இரண்டு நாள் பார்த்தால், குற்றம் தமிழ்99இன் மேல்தான் என்று முடிவு கட்டிவிடுவார். எனக்கு அது பிடிக்காது.

கேட்காமல் கற்கத்தான் போகிறேன் என்கிறவர்கள், எந்த மென்பொருளைப் போட்டாலும் முதல் வேலையாகப் ‘படம்’ என்று அடித்து, கர்சரைப் ப-வுக்குப் பின்னால் கொண்டுபோய் ஆ-வைத் தட்டிப் பாருங்கள். ‘பாடம்’ வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அன்றைக்கே நீக்கிவிடுங்கள். நானும் இன்று மாலை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடப் போகிறேன், தமிழ்99இலேயே.