ஸ்டீவ் புளூமரா, ஆல்ஃப் காமனா?

1900-களின் இங்கிலாந்து கால்பந்தை அறிய யாரிடமிருந்து தொடங்குவது?

கோல்: புளூமர், இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 28. காமன் ஆடியதே 3 ஆட்டங்கள்தான்.

கிளப்: புளூமருக்கு டெர்பி, இடையில் மிடில்ஸ்பரோ. காமனோ சண்டர்லேண்ட், ஷெஃபீல்டு யுனைடெட், மறுபடி சண்டர்லேண்ட், மிடில்ஸ்பரோ, ஆர்சனல், பிரஸ்டன் என்று மாறிக்கொண்டே இருந்தார்.

பணம்: இங்கேதான் காமன் முக்கியமாகிறார். 1905-இல் அவரை வாங்க மிடில்ஸ்பரோ 1000 பவுண்டு கொடுத்தது. அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அத்தனையும் சண்டர்லேண்ட் கிளப்புக்கு. ஆட்டக்காரரின் வாரச் சம்பள உச்சவரம்போ 4 பவுண்டு! எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிற்காலம்: 1914-இல் பயிற்சியாளராக பெர்லின் போன புளூமர், முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மனி பிரிட்டிஷ்காரர்களைச் சிறைவைத்த ரூலேபன் முகாமில் அடைபட்டார்.

கோலடிக்கும் திறனை ரசிக்க புளூமர். ஆட்டக்காரர் தொழிலாளியாகப் பட்ட பாட்டை அறிய காமன். இருவரும் வேண்டுமென்றால் 1906–10 மிடில்ஸ்பரோ அணி. அங்கே சேர்ந்தே ஆடினார்கள்.