நிக்கோவுக்கு 'போட்டோ டூர்' புக் பண்ணும் முன் இதைப் படியுங்கள்

ஜப்பானில் இலை சிவக்கும்போது அருவியைப் படம் எடுக்கப் போகிறேன் என்று ஆறு மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "படம் எங்கே?" என்கிறார்கள். படம் இல்லை. கதைதான் இருக்கிறது.

டோக்கியோவில் இருக்கும் நம்ம ஊர்ப் பையன் ஒருவர் நிக்கோ என்ற மலை ஊருக்குப் புகைப்படச் சுற்றுலா நடத்துகிறார். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வருஷம் வேறு பெயரில் வருவார், அவ்வளவுதான். விளம்பரம் இப்படி: விடியலில் ரியூசு அருவி, காலை வெயிலில் கெகோன் அருவி, அப்புறம் இரோஹாசாகா மலைப்பாதை. மூன்று இடத்திலும் இலை முழுச் சிவப்பில், ஒரே நாளில். அக்டோபர் கடைசி சனிக்கிழமை. தலைக்கு 18,000 ரூபாய், பாதி முன்பணம். ஜிபே-யில் அனுப்பினால் கணக்கு வேறு ஒரு பெண் பெயரைக் காட்டியது. "அக்கா அக்கவுண்ட் சார்" என்றார். தமிழில் பேசுகிறாரே என்று நானும் அனுப்பிவிட்டேன்.

நிக்கோ தெரிந்தவர்கள் அந்த விளம்பரத்தைப் பார்த்தாலே சிரித்திருப்பார்கள். அங்கே இலையின் சிவப்பு, மலை உச்சியிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கி வரும். ரியூசுவில் செப்டம்பர் கடைசியிலேயே நிறம் மாறத் தொடங்கி, அக்டோபர் பாதியில் கதை முடிந்துவிடும். கெகோனுக்கும் சூசென்ஜி ஏரிக்கரைக்கும் அக்டோபர் பாதிக்கு மேல். இரோஹாசாகா அதற்கும் பிறகு. அடிவாரத்துக் கோயில்கள் பக்கம் நவம்பர். மூன்றும் ஒரே நாளில் சிவந்திருக்க வாய்ப்பே இல்லை. இதெல்லாம் பட்ட பிறகு தெரிந்துகொண்டது.

அதிகாலை 3 மணிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னவர் 5.20க்கு வந்தார். வண்டியில் என்னோடு இன்னும் இரண்டு பேர். அதில் ஒருவர் டோக்கியோவில் வேலை பார்க்கும் மதுரைப் பெண், ஜப்பானிய மொழி தெரிந்தவர். டோக்கியோவிலிருந்து நிக்கோ ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நாங்கள் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஜப்பானே அன்றைக்கு அங்கே கிளம்பி வந்திருந்தது.

இரோஹாசாகாவில் மொத்தம் 48 வளைவு. ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறு பாதை. பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எழுத்து வைத்து, பலகையும் நட்டிருப்பார்கள். நாங்கள் ஏறும் பாதையின் 13-வது வளைவில் அப்படியே நின்றுவிட்டோம். நாற்பது நிமிஷம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போய் கீழே இறங்கி நின்றவனிடம் மதுரைப் பெண் மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, இந்த எழுத்து 'வா'. நம்ம வண்டி நம்பர் பிளேட்டைப் பாருங்க." பார்த்தேன். வெள்ளைப் பலகை, ஓரத்தில் அதே எழுத்து. "அது வாடகைக் கார், அண்ணா. ஆள் ஏத்திக் காசு வாங்குற வண்டின்னா பச்சைப் பலகை இருக்கணும்."

இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஜப்பானில் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டியாகப் போவதற்கு 2018-லிருந்து உரிமம் கட்டாயமில்லை. ஆனால் காசுக்கு ஆள் ஏற்றி வண்டி ஓட்ட அனுமதி வேண்டும். அந்த வண்டிகளுக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. வெள்ளைப் பலகையோடு இப்படி ஓடுவதை அங்கே 'ஷிரோதாக்கு' என்கிறார்கள், அதாவது வெள்ளை டாக்சி. சட்டப்படி குற்றம். வழியில் ஏதாவது ஆகியிருந்தால் காப்பீடு கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். வா என்றால் வாடகை என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது.

கெகோனுக்குப் போனபோது மணி ஒன்று. 97 மீட்டர் உயரம், ஒரே வீச்சில் விழும் தண்ணீர். பார்த்தவுடன் கோபமெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துதான் போனது. ஆனால் அது கிழக்கு பார்த்த அருவி. காலை வெயில்தான் அதற்கு அழகு. நாங்கள் போன நேரத்தில் அருவி நிழலில், மேலே வானம் மட்டும் வெளுப்பாக. பாறையைக் குடைந்து 100 மீட்டர் இறங்கும் லிப்ட் உண்டு, அதில் போனால்தான் அருவியை நேருக்கு நேர் எடுக்க முடியும். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. லிப்ட் டிக்கெட்டும் சுற்றுலாக் கட்டணத்தில் சேர்த்தி என்று விளம்பரத்தில் இருந்தது. "நீங்களே எடுத்துக்கோங்க சார், அப்புறம் செட்டில் பண்ணிக்கலாம்" என்றார். இன்றுவரை செட்டில் ஆகவில்லை.

லென்ஸ் முன்னால் மாட்டிக் கண்கூச்சத்தைக் குறைக்க அவர் தந்த போலரைசர் பில்டரில் யாருடைய கட்டைவிரல் ரேகையோ அழுத்தமாகப் பதிந்திருந்தது. துடைத்தால் எண்ணெய் இன்னும் பரவியது. எந்த ஷட்டர் வேகம் என்று இன்னொருவர் கேட்டதற்கு போனிலிருந்து தலையைத் தூக்காமல் "முப்பது செகண்ட் வைங்க ப்ரோ" என்றார். அவ்வளவு பெரிய அருவியை முப்பது செகண்ட் வைத்தால் மாவு கரைத்து ஊற்றியது மாதிரி வரும். அரை செகண்ட், ஒரு செகண்ட் போதும். தண்ணீரில் நூல் நூலாக இழை தெரியும்.

கடைசியில் ரியூசு. நன்தாய் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைமேல் 210 மீட்டர் நீளத்துக்குச் சரிந்து வந்து, அடியில் ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரியும். அதனால்தான் 'டிராகன் தலை' என்று பெயர். இரண்டு பக்கமும் மொட்டை மரம். விளம்பரப் படத்தில் அதே பாறை, அதே தண்ணீர், இரு கரையிலும் இளஞ்சிவப்பு கொழித்துக் கிடந்தது. அருவிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைப் பாட்டியிடம் மதுரைப் பெண் அந்தப் படத்தைப் போனில் காட்டினார். பாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ட்சுட்சுஜி. ரொகு-காட்சு." அது இலையே இல்லையாம். ஜூன் மாதம் அங்கே பூக்கும் அசேலியாப் பூவாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "இயற்கைக்கு நாங்க பொறுப்பில்ல சார்" என்று பதில் வந்தது. வண்டிப் பலகையைப் பற்றிக் கேட்டேன், பதிலே இல்லை. அன்று இரவே என்னை பிளாக் செய்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: வழிகாட்டியே வேண்டாம். டோபு நிக்கோ ரயில் நிலையத்திலிருந்து மலைமேல் உள்ள வெந்நீர் ஊற்று ஊரான சூசென்ஜி ஒன்சென்னுக்குப் பேருந்து இருக்கிறது. சனி, ஞாயிறு தவிருங்கள், பேருந்தும் அதே வளைவில்தான் நிற்கும். முடிந்தால் முதல் நாளே போய் மேலே தங்குங்கள். கெகோனுக்குக் காலையில் நடந்தே போய்விடலாம். ரியூசுவில் சிவப்பு வேண்டுமென்றால் அக்டோபர் முதல் வாரம்.

போன வாரம் நண்பர் ஒருவர் அவருடைய புது விளம்பரத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அதே அக்டோபர் கடைசி சனிக்கிழமை. தலைக்கு 21,000 ஆகிவிட்டது. மேலே அதே ஜூன் மாதப் பூ.