மெனுவை நம் விருப்பப்படி வரைய: எந்த வழி எதற்கு?

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லாவில் உட்காருபவர் கம்பத்துக்காரர். தமிழ் மட்டும்தான் படிப்பார். எடை போட்டுப் பதிவு செய்யும் பையனுக்கு ஊர் வண்டன்மேடு. மலையாளம்தான் வாசிக்க வரும். ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெனு. அதனால் ஒவ்வொரு வரியிலும் தமிழ்ச் சொல், ஒரு சாய்கோடு, மலையாளச் சொல் என்று வரவேண்டும். தர மெனுவில் ‘எட்டு எம்எம்’, ‘ஏழு எம்எம்’ வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைச் சதுரமும் கேட்டார்கள். ஏலக்காய்க்குப் பருமனோடு நிறமும் சேர்ந்துதான் விலை. நல்ல பச்சைக்கு ஒரு ரேட், வெளுத்ததற்கு ஒரு ரேட். கேட்டதில் நியாயம் இருந்தது.

விண்டோஸ் மென்பொருளுக்கு ஜன்னல், பட்டன், மெனு எல்லாம் செய்ய மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பு டாட்நெட் வின்ஃபார்ம்ஸ். அதில் இதற்கு இரண்டு பாதைகள். வின்ஃபார்ம்ஸை விட்டு வெளியே போனால் மைக்ரோசாஃப்டின் இன்னொரு தொகுப்பான டபிள்யூபிஎஃப், லினக்ஸிலும் ஓடும் க்யூட்டி. நான்கையும் கைவைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பழைய பாதை, ஓனர் டிரா, அதாவது மெனு வரியை நாமே வரைவது. மெனுஐட்டத்தில் ஓனர்டிரா பண்பை (ப்ராப்பர்ட்டியை) ட்ரூ ஆக்கினால் இரண்டு நிகழ்வுகள் நம் தலையில் விழும். மெஷர்ஐட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் அகலம், உயரம் சொல்லவேண்டும். டிராஐட்டத்தில் அந்தக் கட்டத்துக்குள் பின்னணி, எழுத்து, டிக், ஷார்ட்கட் கீ எல்லாவற்றையும் வரையவேண்டும். பழைய மெனுஐட்டத்தில் படம் வைக்கவே பண்பு கிடையாது. அந்தக் காலத்தில் மெனுவில் ஐகான் வேண்டும் என்றாலே பலரும் இதில் இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

கடைக்கு முதலில் கொடுத்த பதிப்பு இந்த வழியில்தான். வரி உயரத்தை 18 பிக்சல் என்று நிரலில் எழுதிவிட்டேன். என் மேஜையில் அழகாக வந்தது. கடையில் புது லேப்டாப். எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிய விண்டோஸில் வைக்கும் திரை அளவு 150 சதவீதம். மெனு ஃபாண்ட் அதற்கேற்ப வளர்ந்தது, 18 பிக்சல் அப்படியே நின்றது. 27 கொடுத்திருக்க வேண்டிய இடம். கல்லாக்காரர் போன் பண்ணி, “தம்பி, மாற்றம்னு இருக்க வேண்டியது மாறறமனு வருது, புள்ளியெல்லாம் எங்க போச்சு?” என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ‘மாற்றம்’ தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல். தமிழில் றகரத்தின் தலைமேல் புள்ளி வரும், வரி மேல்நோக்கி இடம் கேட்கும். மலையாளத்தில் இரண்டு றகரமும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும், வரி கீழ்நோக்கி இடம் கேட்கும். உயரம் போதாத கட்டத்தில் நடுவாக வைத்து வரைந்தால் தமிழுக்குத் தலை போகும், மலையாளத்துக்குக் கால் போகும். ஆங்கில மெனுவாக இருந்தால் இந்தக் குறை இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்காது.

இன்னொரு பள்ளமும் இதே பாதையில் இருக்கிறது. மெஷர்ஸ்ட்ரிங்கால் அளந்துவிட்டு டெக்ஸ்ட்ரெண்டரரால் வரைந்தால் அகலம் ஒத்துவராது. முன்னது ஜிடிஐ பிளஸ், பின்னது ஜிடிஐ; விண்டோஸில் வரைவதற்கான இரண்டு வேறு முறைகள். கடைசி எழுத்து வெட்டுப்படும், இல்லையென்றால் ஷார்ட்கட்டோடு முட்டும். அளப்பதும் வரைவதும் ஒரே கையால் நடக்கவேண்டும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சரி செய்யலாம். ஆனால் மெயின்மெனு, கான்டெக்ஸ்ட்மெனு, மெனுஐட்டம் என்ற பழைய வகுப்புகள் மூன்றையும், டாட்நெட்டின் புதிய கிளையாக 2019-இல் வந்த டாட்நெட் கோர் 3.1-லேயே எடுத்துவிட்டார்கள். பழைய ஃப்ரேம்வொர்க்கில் ஓடும் மென்பொருளைப் பராமரிப்பவருக்கு மட்டும்தான் இந்த வழி.

அடுத்தது, நான் கடைசியில் பிடித்துக்கொண்டது: 2005-இல் டாட்நெட் 2.0-வோடு வந்த மெனுஸ்ட்ரிப்பும், அதைத் திரையில் வரையும் ரெண்டரரும். அளப்பதை ஃப்ரேம்வொர்க் வைத்துக்கொள்ளும். வரைவதில் நமக்குப் பிடிக்காத பகுதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். நிறம் மட்டும் மாறவேண்டும் என்றால் மெனு நிறங்களின் பட்டியலான ப்ரொஃபஷனல்கலர்டேபிளிலிருந்து ஒரு வகுப்பு எழுதி, வேண்டிய பண்புகளை ஓவர்ரைடு செய்து (நம் விருப்பப்படி மாற்றி எழுதி), டூல்ஸ்ட்ரிப்ப்ரொஃபஷனல்ரெண்டரரிடம் கொடுத்தால் போதும். அதை டூல்ஸ்ட்ரிப்மேனேஜரின் ரெண்டரர் பண்பில் ஒரே வரியில் வைத்துவிட்டால், தனியாக வேறு ரெண்டரர் கொடுக்காத மெனுக்கள் எல்லாம் மாறிவிடும். எழுத்தின் நிறத்துக்கு ஆன்ரெண்டர்ஐட்டம்டெக்ஸ்டில் டெக்ஸ்ட்கலரை மாற்றிவிட்டு மீதியை மூல வகுப்பான பேஸிடம் விட்டுவிடலாம்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று. மெனுஐட்டம்செலக்டட் நிறத்தை மாற்றியும் மேல்வரிசைத் தலைப்பு பழைய நிறத்திலேயே ஒளிரும். அந்தப் பண்பு கீழே இறங்கும் வரிகளுக்கு. மேல்வரிசைக்கு மெனுஐட்டம்செலக்டட்கிரேடியன்ட் என்று தொடங்கும் பிகின், எண்ட் இரண்டையும், அழுத்தித் திறந்த நிலைக்கு ப்ரெஸ்டு வகையையும் தனித்தனியாக மாற்றவேண்டும்.

பச்சைச் சதுரத்துக்கு ஒரு கோடுகூட வரையவில்லை. டூல்ஸ்ட்ரிப்மெனுஐட்டத்தில் இமேஜ் பண்பு இருக்கிறது; பச்சை நிரப்பிய குட்டிப் படத்தைக் கொடுத்தேன். ஃபாண்டை நிர்மலா யூஐ ஆக்கினேன். விண்டோஸ் 8-லிருந்து வரும் அதில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே இருப்பதால் இரண்டு ஃபாண்டைக் கலக்கும் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் கட்டாயம்: சிஸ்டம்இன்ஃபர்மேஷனில் ஹைகான்ட்ராஸ்ட் (எழுத்தும் பின்னணியும் பளிச்சென்று பிரியும் நிற அமைப்பு) ட்ரூ என்றால் நம் நிறங்களை ஒதுக்கிவிட்டு விண்டோஸின் நிறங்களுக்கு வழிவிடவேண்டும். கண் மங்கியவர்கள் அதை நம்பித்தான் மெனு படிக்கிறார்கள். நம் அழகுக்காக அதைக் கெடுப்பது தவறு.

டபிள்யூபிஎஃப் இன்னும் சுதந்திரம் தரும். வரி தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், ‘மாற்றம்’ வெட்டுப்படாது. தமிழ் மேலே மலையாளம் கீழே என்று இரண்டு வரியாகவும் அடுக்கலாம். விலை என்னவென்றால், பேக்கிரவுண்டை மட்டும் மாற்றினால் மவுஸ் மேலே வரும்போதுள்ள நிறம் மாறாது. அது, வரியின் தோற்றத்தை வகுக்கும் கன்ட்ரோல் டெம்ப்ளேட்டுக்குள் இருக்கிறது. டெம்ப்ளேட்டை முழுதாக எடுத்து எழுதவேண்டும். மெனுஐட்டத்துக்கு ரோல் நான்கு: கிளை உள்ள தலைப்பு, கிளை இல்லாத தலைப்பு, உள்ளே கிளை உள்ள வரி, வெறும் வரி. நான்கையும் கவனிக்கவேண்டும். மென்பொருள் முழுக்க டபிள்யூபிஎஃப் என்றால் இதுதான் சரி. வின்ஃபார்ம்ஸ் மென்பொருளில் மெனுவுக்காக மட்டும் இதைக் கொண்டுவருவது அதிகம்.

கடையில் லினக்ஸ் என்றால் க்யூட்டி. அதன் மெனுவான க்யூமெனுவுக்குத் தோற்ற விதிகளை, அதாவது ஸ்டைல்ஷீட், எழுதினால் நிறமும் இடைவெளியும் சில வரிகளில் முடியும். அதற்கு மேல் போனால் நம் சொந்த ஸ்டைல் எழுத உதவும் க்யூப்ராக்ஸிஸ்டைலில், வரையும் டிராகன்ட்ரோலையும் அளக்கும் சைஸ்ஃப்ரம்கன்டென்ட்ஸையும் ஓவர்ரைடு செய்யலாம். இரண்டையும் கலக்காதீர்கள், நாம் எழுதிய ஸ்டைலோடு ஸ்டைல்ஷீட் ஒழுங்காக ஒத்துப்போகாது.

ஆக, வின்ஃபார்ம்ஸில் புதிதாகத் தொடங்குகிறவர் கலர் டேபிளில் தொடங்கட்டும். அது போதாதபோது ரெண்டரரில் ஒரு மெத்தடு, அதுவும் போதாதபோது இன்னொன்று. எதை எழுதினாலும் 100, 125, 150 மூன்று திரை அளவிலும் ‘மாற்றம்’ என்ற சொல்லை இரண்டு எழுத்திலும் போட்டுத் திறந்து பாருங்கள். குமுளிக் கடையில் இப்போது புள்ளி தெரிகிறது, கீழே அடுக்கிய றகரமும் தெரிகிறது.